ஒண்ணுக்குன்னே எழுது

"வெளியில போறதுக்குக் காரணம் இன்னாம்மா?" என்று கேட்டார் கோதண்டம்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிக் கட்டிக்கொண்டிருந்த ஒரு ரிசார்ட்டின் கேட் அது. கோதண்டம் அங்கே பகல் நேரக் காவலர். அறுபது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியின் ஒரு காம்புக்குப் பதில் நூல் கட்டியிருந்தார். மடியில் நீல அட்டை போட்ட நீள நோட்டு. பெயர், வண்டி நம்பர், வந்த நேரம், போன நேரம், காரணம், கையெழுத்து என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள்.

"ஒண்ணுக்குப் போறேன்" என்றேன்.

பேனா நின்றது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சொந்த வேலைன்னு போட்டுக்கிறேம்மா" என்றார்.

காலை ஐந்து மணிக்கு வீட்டில் போனது. அப்போது மணி பதினொன்றரை தாண்டிவிட்டது. அடிவயிறு கல்லாக இறுகி, நிற்கவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் இருந்தேன். அந்த நேரத்தில் என்னிடம் வந்து 'சொந்த வேலை' என்றால் பற்றிக்கொண்டு வராதா?

"இன்னா சொந்த வேலை? நான் இன்னா பேங்குக்கா போறேன்? ஒண்ணுக்குன்னே எழுது அண்ணாத்த. உள்ள கக்கூஸ்ல உடல, அதுக்குத்தான் வெளிய போறேன்னு எழுது. நான் வர்ற வரைக்கும் கண்ணாடியில எவனும் கை வெக்கக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போறேன், அதையும் எழுது."

"இவ்ளோத்துக்கு எடம் இல்லம்மா."

"பக்கத்துக் கட்டத்துல எழுது. நான் நின்னுகினுதான் கீறேன்."

அவர் எழுத்துக் கூட்டி எழுதினார். ஒவ்வொரு எழுத்துக்கும் எனக்கு உயிர் போனது. முடித்ததும் கையெழுத்துப் போட்டேன். எஸ்தர் என்ற என் பெயரில் 'ஸ்' மேல் புள்ளி வைத்தபோது பேனா காகிதத்தைத் துளைத்துவிட்டது. அவ்வளவு கோபம்.

பெருமை வேண்டாம், லோடு கொடுங்கள்

இந்தத் தொடரில் நான் லாரி வாங்கிய கதையைப் படித்துவிட்டு ஒருவர் கடிதம் போட்டிருந்தார். ஒரு பெண் சொந்தமாக லாரி வாங்கி ஓட்டுவது அவருக்குப் பெருமையாக இருக்கிறதாம். நன்றி ஐயா. அந்தப் பெருமையை டீசல் டேங்கில் ஊற்ற முடியாது.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஊர் செய்யூர் பக்கம். சிறுசேரி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் வேனை ஏழு வருடம் ஓட்டினேன். பிறகு கடன் வாங்கி, ஒரு பழைய ஆறு சக்கர லாரியை என் பெயரில் வாங்கினேன். மற்றவர்கள் முன்கண்ணாடியில் சாமி பெயரை எழுதுவார்கள். நான் 'எஸ்தர்' என்று மட்டும் எழுதினேன். என் வீட்டுக்காரர் சாமுவேல் கல்பாக்கத்தில் ஒரு கேன்டீனில் வேலை பார்க்கிறார். "பேரை எழுதினா ஊரே கண்ணு வைக்கும்" என்றார். வைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

லாரி வந்தது, லோடு வரவில்லை. செங்கல்பட்டு சிமென்ட் குடோனில் ஒருவர் கேட்டார், "டிரைவர் யாரும்மா?"

"நான்தான்."

"அது சரி, ஓட்டுறது யாரு?"

"நான்தான்."

"இல்லம்மா, வண்டி ஓட்ட யாரு வருவாங்க?"

மூன்றாம் தபா கேட்டதும் நான் எழுந்து வந்துவிட்டேன். இரண்டு மாதம் லாரி மாதா கோயிலுக்குப் பின்னால் நின்றது. கோழி ஒன்று கீழே குஞ்சு பொரித்தது. அந்த வழியாகப் போகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார்கள். அந்தச் சிரிப்புகள் ஒவ்வொன்றும் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கடைசியில் கண்ணாடிதான் எனக்குச் சோறு போட்டது. செங்கல்பட்டுக்கு வெளியே பெரிய கண்ணாடிகளை வெட்டிப் பதப்படுத்தும் யார்டு ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்பவர் சலீம் பாய். கண்ணாடி லோடுக்கு அவருக்கு டிரைவர் நிற்பதே இல்லை. வேகத்தடையில் ஆள் நடக்கிற வேகத்தில் ஏற வேண்டும், யாரையும் முந்தக் கூடாது, ஒரு நடைக்கு ஒரு நாள் போய்விடும். எவன் செய்வான்?

"நிதானமா போவியாம்மா?" என்று கேட்டார்.

"ஏழு வருஷமா தூங்குற ஜனங்களை ஏத்திகினு போயிருக்கேன் பாய். ஒருத்தரும் முழிச்சது கெடையாது" என்றேன்.

அன்றைக்கே லோடு ஏற்றினார்.

இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று

கண்ணாடியைப் படுக்கப் போட்டு ஏற்ற மாட்டார்கள். லாரியின் நடுவில் கூடாரம் மாதிரி, இரண்டு பக்கமும் சரிந்த ஒரு இரும்புச் சட்டத்தை நிறுத்தி, இரண்டு சரிவிலும் கண்ணாடிகளைச் சாய்த்து அடுக்குவார்கள். சட்டத்தை லாரியோடு சங்கிலி போட்டு இழுத்துக் கட்டுவார்கள். இரண்டு பக்கமும் சம பாரம். அதனால்தான் அது நிற்கிறது.

இறக்கும்போதும் அப்படித்தான் இறக்க வேண்டும். இந்தப் பக்கம் ஒன்று எடுத்தால் அந்தப் பக்கம் ஒன்று. அவசரப்பட்டு ஒரு பக்கத்தை மட்டும் காலி செய்தால், மறுபக்கத்துப் பாரம் சட்டத்தையே இழுத்துக்கொண்டு சாய்ந்துவிடும். அதற்காகத்தான் கண்ணாடி லாரி டிரைவர், இறக்கி முடியும்வரை பக்கத்திலேயே நின்று சத்தம் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். சத்தம் போடுவது எனக்கு இயல்பாகவே வரும்.

அது போதாதென்று சட்டத்தின் இரண்டு பக்கமும், கண்ணாடிக்கு மேலே தெரிகிற உச்சியில், சிவப்புப் பெயின்டில் நானே எழுதினேன்: 'இடது ஒன்று, வலது ஒன்று.' ஒவ்வொரு எழுத்தும் என் உள்ளங்கை அகலம். எழுதி முடித்ததும் ரொம்பத் திருப்தியாக இருந்தது. எவ்வளவு பெரிய முட்டாள்தனம் செய்திருக்கிறேன் என்று அப்போது தெரியவில்லை.

தண்ணீர் குடிக்காத தொழில்

வேன் ஓட்டிய காலத்திலேயே நான் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டேன். வேனில் வரும் பெண்கள் ஆளுக்கு ஒரு பெரிய பாட்டில் வைத்திருப்பார்கள். நிறைய தண்ணீர் குடித்தால் தோல் பளபளப்பாக இருக்கும் என்று பேசிக்கொண்டு வருவார்கள். நான் நாக்கை மட்டும் நனைத்துக்கொள்வேன். அவர்களை இறக்கிவிட்ட பிறகு அந்த மினுமினுப்பான கட்டடங்களின் வாசலில் எனக்கு நிற்கத்தான் இடம்.

என் அம்மாவும் இதையேதான் செய்தாள். கடலைக்கொல்லையில் களை எடுக்கப் போவாள். ஒதுங்க வேண்டுமென்றால் பக்கத்தில் இருந்த சவுக்குத் தோப்புக்குள்தான் போக வேண்டும். தோப்புக்காரன் பார்த்துவிட்டால் சாதியைச் சொல்லித் திட்டுவான். அந்த வாய்க்குப் பயந்து காலையிலிருந்து பொழுது சாயும்வரை அடக்கிக்கொள்வாள். முப்பத்தைந்து வயதில் சிறுநீரகத்தில் கல். ராத்திரியெல்லாம் பாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு முனகுவாள்.

நான் படித்தேன், லைசென்ஸ் எடுத்தேன், சொந்த லாரி வாங்கினேன். எல்லாம் ஆகியும் அம்மா அடக்கிய அதே மூத்திரத்தை நானும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

நாற்பத்திரண்டு குளியலறை

அன்றைக்கு என் லாரியில் இருந்த லோடு என்ன தெரியுமா? குளியலறைக் கண்ணாடி. நாற்பத்திரண்டு அறை, நாற்பத்திரண்டு குளியலறை, அத்தனைக்கும் குளிக்கும் இடத்தைத் தடுக்கும் கண்ணாடிகள்.

திருக்கழுக்குன்றம் வழியாக ஊர்ந்து எட்டரை மணிக்கு சைட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். சூப்பர்வைசர் விக்னேஷ் வந்தார். இருபத்தைந்து வயதுப் பையன், வெள்ளை ஹெல்மெட், காதில் எப்போதும் போன். கண்ணாடி தூக்கும் கிரேன் இன்னும் வரவில்லை, காத்திருங்கள் என்றார்.

லாரி நிழலில் நான்கு கூலித் தொழிலாளிகள் வந்து உட்கார்ந்தார்கள். வங்காளத்துக்காரர்கள். அதில் துலால் என்பவருக்கு நாற்பது வயதிருக்கும், காதோரம் நரைத்திருந்தது. கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் ஒரு கை பொரி கொடுத்தார். பச்சை மிளகாய் வாசனை. பிறகு சட்டத்தில் இருந்த சிவப்பு எழுத்தைக் காட்டி, என்ன என்று கையை ஆட்டிக் கேட்டார்.

"ரூல், ரூல்" என்றேன். சிரித்தேன்.

அவரும் தலையாட்டிச் சிரித்தார். எழுந்து நின்று இரண்டு கையால் செய்து காட்ட எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். வயிறு முட்டிக்கொண்டு இருந்ததால் எழுந்திருக்கவில்லை.

ஒன்பது மணிக்கு விக்னேஷிடம் போனேன்.

"பாத்ரூம் எங்க சார்?"

"ரூம் எல்லாம் ஃபினிஷிங் ஆயிடுச்சு மேடம். யாரையும் உள்ள விட முடியாது."

"லேபருக்குன்னு ஒண்ணு இருக்குமே."

"அது ஜென்ட்ஸ் யூஸ் பண்றது. கதவு கூட இல்லை."

"அப்ப நான் எங்க போறது?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், அதைச் சொல்லிவிட வேண்டும். பிறகு கடல் பக்கம் கையைக் காட்டினார். "பீச் ஃப்ரீயாத்தான் இருக்கு மேடம்."

நான் திரும்பிப் பார்த்தேன். மூன்று மாடிக்கும் சாரம் கட்டி, நூறு ஆண்கள் கடலைப் பார்த்து நின்று வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

அவர் கன்னத்தில் அறையாமல் திரும்பி வந்தேன். பதினொன்றரை வரை தாக்குப்பிடித்தேன். பிறகு மறுபடியும் அவரிடம் போய், "நான் வெளிய போயிட்டு வரேன். நான் வராம சங்கிலியைக் கழட்டாதீங்க. ஒரு பக்கமா எறக்கினா சாஞ்சிடும்" என்றேன். "ஓகே மேடம், ஓகே" என்றார் போனைப் பார்த்துக்கொண்டே. லாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டுக்குப் போனேன். அங்கே நடந்ததைத்தான் முதலில் சொன்னேன்.

முக்கால் மணி நேரம்

பெட்ரோல் பங்க் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. கழிவறை பூட்டியிருந்தது. சாவி மேனேஜரிடம், மேனேஜர் டீக்கடையில். ஆள் போய் வாங்கிவர பத்து நிமிடம். உள்ளே பல்பு இல்லை, வாளிக்குக் கைப்பிடி இல்லை. ஆனாலும் வெளியே வந்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடம்பு இவ்வளவு லேசாக இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

வெளியே ஒருவர் மோர் விற்றுக்கொண்டிருந்தார். ஒரு டம்ளர் வாங்கி, நின்று நிதானமாகக் குடித்தேன். அந்த மோருக்காக நான் என்னை எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன். இப்போது திட்டுவதில்லை. ஒரு மனுஷி மோர் குடிப்பது குற்றமில்லை.

திரும்பி வந்தபோது கேட்டில் கோதண்டம் இல்லை. உள்ளே கூட்டம். என் லாரியின் மேல் சட்டம் இல்லை.

கிரேன் வந்துவிட்டிருக்கிறது. மணிக்கு இவ்வளவு என்று வாடகை ஓடுமே என்று சங்கிலியை அவிழ்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கட்டடத்தைப் பார்த்திருந்த இடது பக்கத்தை முழுசாகக் காலி செய்திருக்கிறார்கள். வலது பக்கத்துப் பாரம் அப்படியே இருந்தது. அங்கே கீழே துலால் நின்றிருந்தார்.

கண்ணாடி கல்லுப்பு மாதிரி பொடிப்பொடியாகச் சிதறிக் கிடந்தது. இரும்புச் சட்டம் துலாலின் வலது காலின் மேல். பத்துப் பேர் சேர்ந்து தூக்கினார்கள். அவர் கத்தவில்லை. என்னைப் பார்த்து "தீதி, தீதி" என்று மட்டும் சொன்னார், அக்கா, அக்கா என்று. சட்டத்தில் என் சிவப்பு எழுத்து வானத்தைப் பார்த்துக் கிடந்தது. அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரும் அதன் பக்கத்தில் நிற்கவில்லை, படிக்கத் தெரிந்த விக்னேஷ் படிக்கவில்லை.

ஒரு கையெழுத்துதான் மேடம்

துலாலை செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியதும் என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே ஏசி. விக்னேஷும் நிர்வாகத்து ஆள் ஒருவரும் இருந்தார்கள். டைப் அடித்த ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார்கள். 'டிரைவர் யாரிடமும் சொல்லாமல் வண்டியை விட்டுவிட்டுச் சென்றதால் விபத்து நேர்ந்தது.'

"போலீஸ் வர்றாங்க. சின்ன ஃபார்மாலிட்டிதான். ஒரு கையெழுத்து மேடம்" என்றார் நிர்வாகத்து ஆள்.

அந்தக் கையெழுத்து என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். இன்சூரன்ஸ்காரன் கையை விரிப்பான். உடைந்த கண்ணாடி என் தலையில். துலாலின் கால் என் தலையில். லாரியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். 'பொம்பளைகிட்ட வண்டியைக் குடுத்தா இப்படித்தான்' என்று சிமென்ட் குடோன்காரர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். அதற்குப் பிறகு இந்த ஜில்லாவில் ஒருவரும் எனக்கு ஒரு செங்கல் கூட ஏற்ற மாட்டார்கள்.

சாமுவேலுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அவங்க பெரிய ஆளுங்க எஸ்தர். நம்மளால ஆவாது. போட்டுட்டு வூட்டுக்கு வந்துடு."

"நீ போனை வை" என்று வைத்தேன். பயந்துதான் சொல்கிறார் என்று தெரியும். அதனாலேயே இன்னும் கோபம் வந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். நிர்வாகத்து ஆள் எழுந்து நாற்காலி போட்டார். "டிரைவர் சொல்லாம கொள்ளாம போயிட்டாங்க சார். இவங்களே எழுதிக் குடுக்கிறாங்க."

"நான் எதையும் எழுதிக் குடுக்கல. சொல்லிட்டுத்தான் போனேன். கேட்டு நோட்டை எடுத்துப் பாருங்க சார்" என்றேன்.

"அது ஹெட் ஆபீஸுக்குப் போயிடுச்சு" என்றார் நிர்வாகத்து ஆள், கண் இமைக்காமல்.

"இங்கதான் கீது சார்."

கோதண்டம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நோட்டைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். நிர்வாகத்து ஆள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் வேலை போய்விட்டது என்று எனக்கே தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் உள்ளே வந்தார்.

"படிங்க பெரியவரே" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

கோதண்டம் நூல் கட்டிய கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "பதினொண்ணு முப்பத்தஞ்சு. எஸ்தர். லாரி டிரைவர். ஒண்ணுக்குப் போறாங்க. உள்ள கக்கூஸ்ல உடல. தான் வர்ற வரைக்கும் கண்ணாடியில யாரும் கை வெக்கக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போறாங்க."

நாலு ஆண்கள் இருந்த அறையில் என் மூத்திரத்தைப் பற்றிச் சத்தமாகப் படித்தாகிவிட்டது. நான் தலையைக் குனியவில்லை. விக்னேஷும் நிர்வாகத்து ஆளும்தான் குனிந்தார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் நோட்டை வாங்கி அந்த வரியைத் தானே ஒரு தபா படித்தார். பேனா துளைத்த ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "யாரு உடல?" என்று கேட்டார்.



அதற்குப் பிறகு

கேஸை அந்தக் கட்டடத்தைக் கட்டும் கான்ட்ராக்டர் மேல் போட்டார்கள். இன்சூரன்ஸுக்கு நான் அலைந்தது தனிக் கதை. லாரி என்னிடமே இருக்கிறது.

துலாலின் காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. கம்பி வைத்தார்கள். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்குக் கொஞ்சம் இந்தி தெரியும், அவர் மூலம் கேட்டேன்: அந்த ரூலை உங்கள் எழுத்தில் எப்படி எழுதுவது என்று. துலால் சிரித்தார். அவருக்கு எந்த எழுத்தும் படிக்கத் தெரியாதாம். மறுநாளே சிவப்பு எழுத்தை அழித்துவிட்டு, இரண்டு கைகளை வரைந்தேன். இந்தக் கை, அந்தக் கை. முதல் நாளே வரைந்திருக்க வேண்டும். இந்தக் கோபம் மட்டும் எனக்கு என் மேல்தான்.

மூன்று மாதம் கழித்து, உடைந்ததற்குப் பதில் புதுக் கண்ணாடி ஏற்றி அதே ரிசார்ட்டுக்கு சலீம் பாய் என்னை அனுப்பினார். கேட்டில் வேறு காவலர். கோதண்டத்தை சிறுசேரிக்கு மாற்றிவிட்டார்களாம், போக மூன்று பஸ், வர மூன்று பஸ். அன்றைக்கும் கிரேன் வரவில்லை. பத்து மணிக்குக் கேட்டுக்குப் போனேன்.

நோட்டு புதுசு. கோடு போட்ட நோட்டு இல்லை, கம்பெனி பெயரோடு அச்சடித்தது. பெயர், வண்டி நம்பர், வந்த நேரம், போன நேரம், கையெழுத்து.

"காரணம்னு ஒண்ணு இருந்துதே, எங்க?" என்று கேட்டேன்.

"அது வேணாம்னு எடுத்துட்டாங்கக்கா."

"உள்ள லேடீஸுக்குக் கக்கூஸ் போட்டாங்களா?"

"இல்லக்கா."

"பேனாவைக் குடு" என்றேன்.

பெயரில் ஆரம்பித்து கையெழுத்து வரைக்கும், எல்லாக் கட்டத்தின் மேலும் பெரிதாக எழுதினேன். 'எஸ்தர். லாரி டிரைவர். ஒண்ணுக்குப் போறேன். இன்னும் உள்ள உடல.'

லாரியில் சட்டத்தின் இரண்டு பக்கச் சங்கிலியிலும் பூட்டுப் போட்டிருந்தேன். இரண்டு சாவியும் என் இடுப்பில் இருந்தன. ரோட்டில் ஏறி பங்க் பக்கம் நடந்தேன். போகிற வழியில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி, முழுசாகக் குடித்தேன்.